கடல்மீன் தொட்டியில் மயில்துத்தம்

வீட்டின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, வண்ண மீன்களையும் கடற்சாமந்தியையும் வளர்க்கும் பழக்கம் நம் நாட்டின் பெருநகரங்களில் வேரூன்றிவிட்டது. மும்பையில் 1951-ஆம் ஆண்டில் தாராபொரேவாலா மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டபோது, கடல்மீன்களை உயிரோடு காண விரும்பிய நகரவாசி அத்தகைய பொது நிலையங்களையே நாட வேண்டியிருந்தது. இன்றோ, கடலையே கண்டிராத நாகபுரிவாசியும் டில்லிவாசியும் தயாரித்த உப்பைக் குழாய்நீரில் கரைத்துக் கடல்நீர் செய்துகொள்கின்றனர். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளை வகுத்துத் தந்திருப்பதால், கடலிலிருந்து பிடித்து வராத மீன்களும் கிடைக்கின்றன. இது வரவேற்கத் தக்க மாற்றமே. ஆயினும் இப்பழக்கத்தோடு கூடவே ஒரு வைத்திய முறையும் பரவி வருகிறது. அதைப் பற்றி எச்சரிக்கை செய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

மீனின் உடலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. அல்லது பொன்துகள் படிந்தாற்போல் தோல் மங்குகிறது. மீன் மூச்சுத் திணறிப் பாறையில் உராய்கிறது. வளர்ப்பவர் கலங்கிப்போய் விற்பனையாளரிடம் ஓடுகிறார். அவரோ, நீலநிற நீர்மம் அடங்கிய சிறு புட்டி ஒன்றைத் தருகிறார். அல்லது, "மயில்துத்தம் சிறிது கரைத்து ஊற்றுங்கள்" என்று கூறி அனுப்பிவிடுகிறார். புட்டியில் இருப்பதும் பெரும்பாலும் செம்பு உப்பே. வீடு திரும்பியதும் அது முழுத் தொட்டியிலும் ஊற்றப்படுகிறது. இச்செயலில்தான் அபாயம் இருக்கிறது. செம்பு மருந்தன்று என்பது எமது வாதமன்று. உயிர்கள் நிரந்தரமாக வாழும் தொட்டியில் அதை ஒருபோதும் இடலாகாது என்பதே எமது கருத்து.

செம்பின் தகுதியை முதலில் ஒப்புக்கொள்வோம். மேலே கூறிய நோய்களை இரு ஒட்டுண்ணிகள் உண்டாக்குகின்றன. வெண்புள்ளி நோயை விளைவிப்பது கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்னும் குறுஇழையுயிர். ஜப்பானில் 1937-இல் இது விவரிக்கப்பட்டது. இப்பெயர் 1951-இல் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளரால் இடப்பட்டது. மற்றொன்று அமைலோடினியம் ஒசெல்லேட்டம் என்னும் சாட்டையிழையுயிர். இதையும் 1931-இல் பிரவுனே முதன்முதலாக விவரித்தார். செவுள்களில் ஒட்டிக்கொண்டு சில நாட்களிலேயே தொட்டி மீன்கள் அனைத்தையும் மாய்த்துவிடக் கூடியது இவ்விரண்டாவது உயிரே. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சிச்சாலையைச் சேர்ந்த டெம்ப்ஸ்டர், மயில்துத்தத்தைக் கொண்டு இந்நோயைக் குணப்படுத்தும் முறையை 1955-இல் வெளியிட்டார். அதன் பின்னர் உலகெங்கும் உள்ள காட்சிச்சாலைகள் செம்பையே பெரிதும் நம்பி வந்துள்ளன. அந்நம்பிக்கை வீண்போகவில்லை.

ஆனால் செம்பு எப்போது கொல்கிறது என்பதை அறிதல் வேண்டும். இவ்வொட்டுண்ணிகள் இரண்டுக்கும் மூன்று பருவங்கள் உண்டு. முதலாவது, மீனின் உடலில் பதிந்து உண்ணும் பருவம். இரண்டாவது, மீனைவிட்டு நீங்கித் தொட்டியின் அடியில் உறை ஒன்றை அமைத்துக்கொண்டு அதனுள்ளே பலவாகப் பிளவுபடும் பருவம். மூன்றாவது, உறையை உடைத்து வெளிவந்து புதிய மீனைத் தேடி நீந்தும் பருவம். தோலின் மேற்படலத்துக்கு அடியில் புதைந்திருக்கும் புள்ளியைச் செம்பு தொடாது. உறைக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தித் திரியும் சில மணி நேரத்தில் மட்டுமே அது அகப்படும். எனவே, உறையிலிருந்து கடைசி உயிர் வெளிவரும்வரை நீரில் செம்பின் அளவு குறையாதிருக்க வேண்டும். ஒரு நாள் ஊற்றி, புள்ளி மறைந்ததைக் கண்டு மகிழ்ந்து நிறுத்திவிடுபவர் நோயைத் தீர்த்தவரல்லர். புள்ளிகள் உறைப் பருவத்துக்குச் சென்றுவிட்டன என்பதே அதன் பொருள். இரண்டு வாரங்களுக்குக் குறையாமலும், வெண்புள்ளி நோயாயின் மூன்று வாரங்களுக்கு மேலும், அளவு தளராமல் செம்பு நீரில் நிற்க வேண்டும்.

அந்த அளவு எவ்வளவு? லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. அதற்குக் கீழே சென்றால் ஒட்டுண்ணி பிழைக்கும். சற்று மேலே சென்றால் மீன் துன்புறும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிற்கும் மருந்தைக் கைக்கணக்கில் அளப்பது எத்தகைய துணிச்சல் என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம்.

ஒரு மீட்டர் நீளமும், 40 சென்டிமீட்டர் அகலமும், 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியில் 200 லிட்டர் நீர் பிடிக்கும் என்று கடைக்காரர் கூறுவார். லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் வீதம் 40 மில்லிகிராம் செம்பு தேவை. படிக மயில்துத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே செம்பு. ஆகவே 157 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். விரல்நுனியால் கிள்ளி எடுக்கும் ஒரு சிட்டிகை அரை கிராமை எட்டிவிடும். அதுவே வேண்டிய அளவைப் போல் மூன்று மடங்கு. ஒரு தேக்கரண்டி என்றாலோ முப்பது மடங்கு! இதுவன்றி, மணலும் பாறையும் இடத்தை அடைத்துக்கொள்வதாலும், விளிம்பு வரை நீர் நிரப்பப்படாததாலும், 200 லிட்டர்த் தொட்டியில் உண்மையாக இருப்பது 160 லிட்டராக இருக்கலாம். அப்போது துல்லியமாக நிறுத்து இட்ட 157 மில்லிகிராமும் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் ஆகிவிடும். வயலுக்கென விற்கும் மயில்துத்தம் தூய்மையானதன்று என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். திராட்சைத் தோட்டத்துக்குப் போர்டோக் கலவை தயாரிக்கும் உழவருக்கு அந்த வேறுபாடு பொருட்டன்று. மீன் வளர்ப்பவருக்கு அது பொருட்டாகும்.

கணக்குச் சரியாக இருப்பினும் இரசாயனம் குறுக்கிடுகிறது. கடல்நீர் காரத்தன்மை உடையது, கார்பனேட்டுகள் நிறைந்தது. அதில் செம்பு உப்பு நெடுநேரம் கரைந்த நிலையில் இராது. கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். பவளத் துகள், சுண்ணாம்புப் பாறை, சிப்பியோடு ஆகியவற்றின் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளின் அடித்தளம் இப்பொருள்களால் ஆனதே. (இயற்கைப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம், பாறை அமைக்கும் பவள உயிர்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அப்படியிருந்தும் பவளக்கல் இல்லாத தொட்டி அழகற்றது என எண்ணுவோர் இன்றும் உளர்.) ஆகவே காலையில் இட்ட செம்பு மாலையில் பாதியாகக் குறைந்திருக்கும். வளர்ப்பவர் மீண்டும் ஊற்றுவார், மறுநாளும் ஊற்றுவார். நீரில் அளவு சரியாக இருப்பதாகச் சோதனைக் குப்பி காட்டும். ஆனால் இட்ட செம்பு முழுவதும் தொட்டியை விட்டு எங்கும் போய்விடவில்லை. கல்லிலும் மணலிலும் ஒரு கையிருப்பாக அது சேர்ந்துகொண்டே இருக்கிறது. எஞ்சிய உணவு அழுகியோ, கரியமில வாயு மிகுந்தோ நீரின் காரத்தன்மை குறையும் நாளில் அந்தக் கையிருப்பு கரைந்து வெளிவரும். மருந்து நிறுத்திப் பல மாதங்கள் கழித்துப் புதிதாக விட்ட நத்தைகள் காரணம் தெரியாமல் மடிவதன் இரகசியம் பல தொட்டிகளில் இதுவே.

இனி, முதுகெலும்பற்ற உயிர்களின் கதி. இங்கே சரித்திரம் ஒரு நல்ல பாடத்தைத் தருகிறது. மரக்கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைப்பதைத் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படையினர் 1761-இல் அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்து பரீட்சித்தனர். பின்னர் கடற்படைக் கப்பல்கள் பலவற்றுக்கும் அவ்வாறே தகடு வேயப்பட்டது. ஆனால் தகடு அரித்துக்கொண்டே போயிற்று. 1824-இல் ஹம்ப்ரி டேவி, சிறு இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத் துண்டுகளையோ தகட்டோடு இணைத்தால் செம்பு அரிக்கப்படுவதில்லை என்று கண்டார். அவர் கூறியது முற்றும் உண்மையாயிற்று. செம்பு அரிக்கப்படவில்லை, ஆனால் கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் மீண்டும் செழித்து வளர்ந்தன! தகடு கரைந்து நீரில் கலந்த செம்பே அவற்றைத் தடுத்து வந்தது என்பது அப்போது வெளிப்பட்டது. கொட்டலசு இறாலுக்கும் நண்டுக்கும் இனத்தால் உறவு. கப்பலடியில் கொட்டலசை அண்டவிடாத பொருள், தொட்டியிலுள்ள இறாலை அடையாளம் கண்டு விலகிப் போகும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

திறந்த கடலின் நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான செம்பே உண்டு. மருந்தளவோ 200 மைக்ரோகிராம். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சிப்பி, மட்டி ஆகியவற்றின் கருக்கள் 10 மைக்ரோகிராமை ஒட்டிய அளவிலேயே சீர்கெட்டு வளர்கின்றன. பவளம், கடற்சாமந்தி, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, இறால், நத்தை ஆகிய எவையும் மீனுக்குரிய மருந்தளவைத் தாங்க மாட்டா. இவற்றுள் கடற்சாமந்தி இறந்தால் கதை அத்துடன் முடிவதில்லை. அதன் உடல் விரைவில் அழுகி, நீரில் அம்மோனியாவைப் பெருக்கி, காப்பாற்றக் கருதிய மீனையும் கொன்றுவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. இறாலின் குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோசயனின் என்னும் புரதத்தில் இரும்புக்குப் பதில் செம்பே அடங்கியிருக்கிறது. செம்பு இன்றி இறால் வாழ முடியாது. ஆயினும் உணவின் வழியே வந்து புரதத்தோடு பிணைந்த செம்பு வேறு. நீரில் தனித்துத் திரிந்து செவுளின் மேல் வந்து தாக்கும் செம்பு அயனி வேறு. நம்மவர் செப்புக் குடத்து நீரை நன்மை பயப்பதென்று கருதி அருந்துகின்றனர். இந்தியத் தர நிர்ணயமும் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. மனிதன் அஞ்சாமல் பருகக்கூடிய நீரில் இறால் செத்து மிதக்கும் என்பதைப் பலர் எளிதில் நம்புவதில்லை. 'இவ்வளவு சிறிது என்ன செய்துவிடும்' என்ற எண்ணம் பிறப்பதும் இதனால்தான்.

மீனுக்கும் செம்பு நண்பனன்று. உரிய அளவிலும் அது செவுளின் மெல்லிய திசுக்களை உறுத்துகிறது. உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. முகரும் உறுப்பை மந்தமாக்குகிறது. நோயெதிர்ப்பு ஆற்றலையும் தளர்த்துகிறது. பல மீன்கள் மருந்து நாட்களில் உணவை மறுப்பது இதனாலேயே. சுறாவும் திருக்கையும் செம்பைத் தாங்குவதில்லை என்பதால் காட்சிச்சாலைகள் அவற்றிடம் அதை உபயோகிப்பதில்லை. ஏனைய மீன்களிலும் இனத்துக்கு இனம் தாங்கும் ஆற்றல் மாறுபடும்.

கரிமச் சேர்மங்களோடு பிணைத்துத் தயாரித்த செம்பு மருந்துகள் இப்போது அங்காடியில் உள்ளன. இவை விரைவில் படிந்துவிடுவதில்லை என்பது உண்மை. ஆனால் இவற்றின் அளவு முறை வேறு; லிட்டருக்கு 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்குமாறு இடப்படும் தயாரிப்புகளும் உண்டு. சாதாரணச் செம்புக்குரிய எண்ணை இவற்றுக்கும், இவற்றுக்குரிய எண்ணைச் சாதாரணச் செம்புக்கும் பொருத்திவிட்டால், முன்னதில் நோய் தீராது. பின்னதில் மீன் மிஞ்சாது. தனித்த செம்பை மட்டும் அளக்கும் சோதனைக் குப்பி, பிணைத்த செம்பைச் சரியாகக் காட்டவும் மாட்டாது. இந்நிலையில், செம்பு எந்த வடிவில், எத்தனை விழுக்காடு உள்ளது என்பதை எழுதாமல், 'வெண்புள்ளி நிவாரணி' என்று மட்டும் ஒட்டி விற்கப்படும் புட்டிகளை எவ்விதத்திலும் ஆதரிக்க முடியாது. பூச்சிமருந்துப் புட்டியில் உட்பொருளையும் அதன் வீதத்தையும் காணும் நாம், மீன் மருந்துப் புட்டியிலும் அதைக் கேட்பது மிகையாகாது.

இதைவிடக் கண்டிக்கத்தக்கது இன்னொரு வழக்கம். விற்பனைத் தொட்டிகளில் எந்நேரமும் சிறிதளவு செம்பை வைத்திருப்பது பல நாடுகளின் மீன் வியாபாரத்தில் அறிந்த வழக்கமே. அவ்வளவு குறைந்த செம்பு நோயைத் தீர்க்காது. அதன் அடையாளங்களை மட்டும் அடக்கி வைக்கும். மாசற்றதாகத் தோன்றும் மீனை வாங்கிச் செல்பவரின் வீட்டில், செம்பில்லாத நீரில், இரண்டு வாரத்துக்குள் நோய் வெடிக்கிறது. அவர் தம் பராமரிப்பையே நொந்துகொண்டு, மீண்டும் அதே கடைக்கு மருந்து வாங்கச் செல்கிறார். அன்றியும், மீனோடு வரும் பையின் நீரில் சிறிது செம்பும் வருகிறது. அதைத் தொட்டியில் கவிழ்த்தால் அங்குள்ள இறாலுக்குத் தீங்கு. விற்பனைத் தொட்டியில் செம்பு உண்டா இல்லையா என்பதை வாங்குபவருக்கு அறிவிப்பது விற்பவரின் கடமை. வாங்குபவரும் அதைக் கேட்கத் தயங்கலாகாது.

தொழில் நோக்கிலும் இது சிறிய விஷயமன்று. லட்சத்தீவுகளைச் சேர்ந்த அகத்தியில், தேசிய மீன் மரபு வள நிறுவனத்தின் பயிற்சியால் பெண்கள் கோமாளி மீன்களையும் அலங்கார இறால்களையும் வளர்த்து வருமானம் தேட முற்பட்டனர். மீனும் இறாலும் ஒரே கூரையின்கீழ் வளரும் அத்தகைய சிறு பண்ணையில், மீன் தொட்டியில் இட்ட செம்பு ஒரு வாளி, ஒரு வலை, ஒரு பொது நீர்க்குழாய் ஆகியவற்றின் வழியே இறால் தொட்டியை அடைந்தால், ஒரு பருவத்தின் உழைப்பு ஓரிரவில் அழியும்.

அப்படியாயின் நோயுற்ற மீனை என் செய்வது? தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். "நகர வீட்டில் ஒரு தொட்டிக்கே இடமில்லை, இரண்டாவதற்கு எங்கே போவது?" என்று கேட்பர். சிகிச்சைத் தொட்டி கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. 40 லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, காற்றுப் பம்பு ஒன்று, பஞ்சு வடிகட்டி ஒன்று, மீன் ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள் ஆகியவை போதும். மணல், கல், சிப்பி, வடிகரி எதுவும் அதில் இருத்தலாகாது. முதலில் அதன் நீரைக் குறியிட்ட பாத்திரத்தால் அளந்து ஊற்ற வேண்டும். செம்பை ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றாமல், இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். நாள்தோறும் இருமுறை செம்பையும் ஒருமுறை அம்மோனியாவையும் சோதிப்பது இன்றியமையாதது. வெறுந்தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவு இராமையால், செம்பில் தப்பிய மீன் அம்மோனியாவில் மாள்வதுண்டு. சோதனை செய்ய இயலாதவர் செம்பைத் தொடாதிருப்பதே நன்று.

வெண்புள்ளி நோய்க்குச் செம்பில்லாத வழிகளும் உண்டு. மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை, உலர்ந்து தூய்மையான தொட்டிக்கு மாற்றிக்கொண்டே சென்றால், உதிர்ந்த உறைகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன; வெளிவரும் உயிர்களுக்கு மீன் அகப்படுவதில்லை. மருந்து ஒரு துளியும் இல்லாத இம்முறையை யாம் பெரிதும் விரும்புகிறோம்; அதற்கு வேண்டியது இரண்டு வாளிகளும் சிறிது பொறுமையுமே. நீரின் உப்பை ஆயிரத்தில் 15 அல்லது 16 பங்காகக் குறைத்துச் சில வாரங்கள் வைப்பது மற்றொரு முறை. ஆனால் அமைலோடினியம் உப்புக் குறைவைப் பொருட்படுத்தாது. அந்நோய்க்குத் தனித் தொட்டியில் இட்ட செம்பே இன்றும் நம்பத்தக்க மருந்து.

பெரிய தொட்டியை அக்காலத்தில் மீனின்றி விட்டுவிட வேண்டும். இறாலும் நத்தையும் பவளமும் அதிலேயே இருக்கலாம். இவ்வொட்டுண்ணிகளுக்கு அவை இரையாவதில்லை. ஆறு வாரமாவது காத்திருத்தல் நலம். வெண்புள்ளி உயிரின் உறை பத்து வாரம் வரை உயிர்ப்புடன் நீடித்ததும் அறியப்பட்டுள்ளது. அவசரப்பட்டு ஒரே ஒரு மீனை முன்னதாக விட்டாலும் நாட்கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முன்னரே பெரிய தொட்டியில் செம்பை ஊற்றிவிட்டவர்கள், நீரை அடிக்கடி மாற்றியும், வடிகரியையோ உலோகங்களை உறிஞ்சும் பிசினையோ வடிகட்டியில் வைத்தும் பெரும்பகுதியை அகற்றலாம். சுண்ணாம்புக் கல்லும் மணலும் மட்டும் நம்பத்தக்கவையல்ல. அவற்றை எடுத்துவிட்டுப் புதியன இடுவதே முறை. பயன்படுத்திய பிசினையும், மிகுந்த மருந்தையும், சிகிச்சைத் தொட்டியின் நீரையும் ஏரியிலோ, கழிமுகத்திலோ, கடற்கரையிலோ கொட்டலாகாது. ஒரு வீட்டுத் தொட்டியின் செம்பு சில மில்லிகிராமே ஆயினும், நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை மாற்றும் வணிக நிலையங்களுக்கு அவ்வாறு சொல்லிக்கொள்ள இயலாது. புதிய கல்லும் மணலும் இட்ட பின்னர், சோதனைக் குப்பி பல வாரங்கள் தொடர்ந்து செம்பில்லை என்று காட்டினால், முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பார்க்கலாம். அது கண்ணாடியில் ஏறி மேயத் தொடங்கிய பிறகே ஏனையவற்றை வாங்குவது உசிதம்.